சுண்டெலிக் கருவில் ஒரு ஜீன் நிஜமாகவே இயங்க ஆரம்பித்துவிட்டதா? சோதித்துப் பார்க்கும் வழி

கரு ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். சுண்டெலியின் இரண்டு செல் கருக்களைச் சேகரித்து க்யூபிசிஆர் (ஒரு ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) போடுவார்கள், தங்கள் ஜீனின் ஆர்என்ஏ தெரியும், உடனே "இந்த ஜீன் இரண்டு செல் நிலையில் இயங்குகிறது" என்று ஸ்லைடில் ஏற்றிவிடுவார்கள். அது சரியாகவும் இருக்கலாம், முழுத் தவறாகவும் இருக்கலாம். அந்த ஆர்என்ஏவைக் கருவே தயாரித்ததா, இல்லை அம்மா எப்போதோ முட்டைக்குள் போட்டு வைத்ததா என்பதை அந்த ஒரு சோதனையால் சொல்லவே முடியாது. கீழே எழுதியிருப்பது முழுக்க இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்: ஒரு ஜீனைக் கையில் வைத்திருக்கிறீர்கள், அது கருவில் எப்போது முதலில் படியெடுக்கப்படுகிறது (அதாவது அதிலிருந்து ஆர்என்ஏ எழுதப்படுகிறது) என்று யாரும் கேள்வி கேட்க முடியாதபடி காட்ட வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும்.

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். சூலகத்தில் முட்டை வளரும் காலத்தில் அது ஆர்என்ஏவை மும்முரமாகத் தயாரித்துச் சேமித்துக்கொண்டே இருக்கும். முழு அளவுக்கு வளர்ந்ததும் உட்கருவில் உள்ள குரோமாட்டின் (புரதங்களோடு சுற்றிய டிஎன்ஏ) நியூக்ளியோலஸைச் சுற்றி வளையம் போல ஒடுங்கும், அதோடு படியெடுத்தல் நின்றுவிடும். அப்புறம் மியாசிஸ் (குரோமோசோம்களைப் பாதியாக்கும் பிரிவு) தொடர்வது, முட்டை வெளிவருவது, விந்தணு நுழைவது, சைகோட் (கருவுற்ற ஒரு செல் நிலை) இரண்டாகப் பிரிவது எல்லாமே அம்மா கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றில்தான் நடக்கின்றன. சுண்டெலியில் ஒரு செல் நிலையின் பிற்பகுதியிலேயே மெல்லிய அளவில் படியெடுத்தல் தொடங்கிவிடும், இதைச் சிறிய அலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு செல் நிலையின் நடுவிலிருந்து அதன் முடிவுக்குள் ஆயிரக்கணக்கான ஜீன்கள் இயங்க ஆரம்பிக்கும், அது பெரிய அலை. மற்ற பாலூட்டிகளில் பெரிய அலையின் நேரம் மாறும்: பன்றியில் நான்கு செல், மாட்டில் எட்டிலிருந்து பதினாறு செல், மனிதரில் நான்கிலிருந்து எட்டு செல்லுக்குள். மனிதரின் கணக்கை 1988-இல் பீட்டர் பிரவுடும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். மனிதரில் ஒரு செல் நிலையிலேயே கொஞ்சம் படியெடுத்தல் நடக்கிறது என்று 2022-இல் இன்னொரு ஆய்வு வந்தது.

சிக்கல் என்னவென்றால், கரு சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கும் அதே வேளையில் அம்மாவின் ஆர்என்ஏ மளமளவென்று அழிக்கப்படுகிறது. 1982-இல் பீக்கோவும் க்ளெக்கும் போட்ட கணக்கில், ஒரு சுண்டெலி முட்டையில் பாலி-ஏ வால் (எம்ஆர்என்ஏவின் முனையில் வரும் ஏ எழுத்துத் தொடர்) உள்ள ஆர்என்ஏ மூலக்கூறுகள் சுமார் 1.7 கோடி இருந்தன, இரண்டு செல் நிலையின் பிற்பகுதியில் அது சுமார் 70 லட்சமாக இறங்கியிருந்தது. மொத்தக் கையிருப்பு பாதிக்கும் கீழே சரிந்துகொண்டிருக்கும்போது அதற்கு நடுவில் புதிதாக ஏறுவது எது என்று தேடுகிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு எச்சரிக்கையும் எதற்கு என்று புரியும்.

முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

"இரண்டு செல் கரு" என்று குழாயில் எழுதி ஒட்டினால் போதாது. சுண்டெலியில் அந்த நிலை ஏறக்குறைய 20 மணி நேரம் நீடிக்கும். டிஎன்ஏ இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டம் மிகக் குறுகியது, இரட்டிப்பு நடக்கும் எஸ் கட்டம் சில மணி நேரம், மீதி முழுக்க, அடுத்த பிரிவு வரை நீண்டு கிடக்கும் ஜி2. பெரிய அலை இந்த எஸ், ஜி2 பகுதியில் எழுகிறது. இப்போதுதான் பிரிந்த கருவையும், இன்னும் கொஞ்ச நேரத்தில் நான்காகப் போகிற கருவையும் ஒரே குழாயில் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரி.

வழக்கமான முறையில் பெண் எலிக்கு முட்டைகளை வளரத் தூண்டும் பிஎம்எஸ்ஜி ஹார்மோன் 5 ஐயூ (சர்வதேச அலகு), 46 முதல் 48 மணி நேரம் கழித்து முட்டைகளை வெளிவரச் செய்யும் எச்சிஜி ஹார்மோன் 5 ஐயூ ஊசி போடுவார்கள். எச்சிஜி போட்டு சுமார் 12 மணி நேரத்தில் முட்டைகள் வெளிவரும். இயற்கையாக இணைய விட்டால் விந்தணு நுழையும் நேரம் கருவுக்குக் கரு சில மணி நேரம் வித்தியாசப்படும், ஆகவே "எச்சிஜிக்குப் பின் இத்தனை மணி" என்ற கணக்கு தோராயமானதுதான். வசதி இருந்தால் ஐவிஎஃப் செய்து, விந்தணு சேர்த்த நிமிடத்திலிருந்து எண்ணுங்கள். வசதி இல்லையா, ஒரு எளிய வழி இருக்கிறது: முதல் பிரிவு நடக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை தட்டைப் பார்த்து, அந்த ஒரு மணி நேரத்தில் பிரிந்த கருக்களை மட்டும் தனிச் சொட்டுக்கு மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், இரவு முழுக்கப் போய்விடும், ஆனால் பிரிந்து 1 மணி நேரம் ஆன கருக்களையும் 14 மணி நேரம் ஆன கருக்களையும் தெளிவாகத் தனித்தனியாக வைத்துக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். செல் பிரிந்தால்தான் ஜீன்கள் இயங்கும் என்று தோன்றும் இல்லையா? டிஎன்ஏ இரட்டிப்பை அஃபிடிகோலின் என்ற மருந்தால் நிறுத்தி, ஒரு செல்லாகவே பிடித்து வைத்த கருக்களிலும், கூடப் பிறந்தவை இரண்டு செல்லாகும் நேரம் வந்ததும் படியெடுத்தல் தொடங்குகிறது என்று மெல்வின் டிபாம்ஃபிலிஸ் குழு 1990-களில் காட்டியது. கரு செல்களை எண்ணுவதில்லை, நேரத்தைத்தான் பார்க்கிறது. அதனால் உங்கள் நோட்டில் செல் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல் மணிக்கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள்.

எலி வகையும் வளர்ப்பு ஊடகமும் இந்த நேரப் பிரச்சினையோடு சேர்ந்தவைதான். பழைய ஊடகங்களில் பல எலி வகைகளின் கருக்கள் இரண்டு செல்லோடு அப்படியே நின்றுவிடும். எஃப்1 கலப்பினங்களில், உதாரணமாக சி57பிஎல்/6-ஐ சிபிஏவோடோ டிபிஏ/2-வோடோ கலந்து வந்த பெண் எலிகளின் முட்டைகளில், இந்தத் தொல்லை குறைவு. 1989-இல் சிஇசட்பி ஊடகமும், 1990-களின் தொடக்கத்தில் கேஎஸ்ஓஎம் ஊடகமும் வந்த பிறகு இது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால் பழைய பாட்டில், காலாவதியான குளூட்டமின், சரியில்லாத மினரல் ஆயில் என்று ஏதாவது ஒன்று போதும், கருக்கள் சரியாக இரண்டு செல்லில் நிற்கும், நீங்களும் "ஆகா, ஜீன் இயக்கம் தடைபட்டுவிட்டது" என்று நம்பிவிடுவீர்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் எதுவும் செய்யாத சில கருக்களைத் தனியே விட்டு அவை பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில் ஒட்டத் தயாராகும் கட்டம்) வரை போகின்றனவா என்று பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை போகவில்லை என்றால் அந்தத் தொகுதியின் எல்லாத் தரவையும் ஒதுக்கிவிடுங்கள். மனசு வராது, தெரியும், இருந்தாலும் ஒதுக்குங்கள். மற்றபடி வெளியே கையாள எம்2 ஊடகம், இன்குபேட்டருக்குள் மினரல் ஆயிலுக்கு அடியில் முன்கூட்டியே சமன்படுத்திய கேஎஸ்ஓஎம் சொட்டுகள், 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடு. இந்தியாவில் செய்கிறீர்கள் என்றால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் முதல் ஊசியைக்கூடப் போடாதீர்கள்.

ஒட்டிக்கொண்டு வரும் செல்கள்

ஒரு முட்டையில் மொத்த ஆர்என்ஏ அரை நானோகிராம்கூட இருக்காது. அதைச் சுற்றி இருக்கும் குமுலஸ் செல் ஒவ்வொன்றிலும் பத்து இருபது பிகோகிராம் இருக்கும், அந்தச் செல்கள் முழு வேகத்தில் படியெடுத்துக்கொண்டும் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வந்தால் கருவில் இல்லவே இல்லாத ஒரு ஜீன் "இயங்குவதாக" உங்களுக்குத் தெரியும். எம்2-இல் கரைத்த ஹயலூரோனிடேஸ் நொதியில் சில நிமிடம் வைத்து, நான்கைந்து சொட்டுகளில் மாற்றி மாற்றிக் கழுவுங்கள். ஆர்என்ஏ எடுக்கப் போகிறீர்கள் என்றால் அமில டைரோடு கரைசலில் சில நொடி விட்டு முட்டையைச் சுற்றியுள்ள ஜோனா உறையையும் கரைத்துவிடுவது நல்லது, ஐவிஎஃப் செய்திருந்தால் அந்த உறையில் கூடுதல் விந்தணுக்களும் ஒட்டியிருக்கும். இதை மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும், அமிலத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது கரு இருக்காது.

தடுத்துப் பார்ப்பது: அமானிட்டின்

என்னைக் கேட்டால் இதுதான் மொத்த வேலைக்கும் முதுகெலும்பு. ஆல்ஃபா-அமானிட்டின் என்பது அமானிட்டா ஃபலாய்டீஸ் என்ற கொடிய விஷக் காளானிலிருந்து வருவது, எம்ஆர்என்ஏக்களைப் படியெடுக்கும் பாலிமரேஸ் 2-ஐப் பிடித்து நிறுத்திவிடும். மனிதரின் கல்லீரலையும் அப்படித்தான் கொல்கிறது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பொடியை எடை போடும்போது முகமூடியும் போடுங்கள். யோசனை எளிமையானது: மருந்து போட்ட கருவிலும் போடாத கருவிலும் ஒரே மணிக்கு உங்கள் ஜீனின் ஆர்என்ஏவை அளக்க வேண்டும். மருந்திலும் அதே அளவு இருந்தால் அது அம்மாவின் பங்கு. மருந்தில் காணாமல் போனால் கரு தயாரித்தது. 1982-இல் ஃப்ளாக், மார்ட்டின் ஜான்சன், பிரவுட், டெய்லர், போல்டன் ஆகியோர் இரண்டு செல் நிலையில் கட்டுப்பாடு அம்மாவிடமிருந்து கருவுக்குக் கைமாறுவதைப் பிரித்துக் காட்டியதும் இந்த மருந்தை வைத்துத்தான். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் புரதங்களை, நீங்கள் பார்க்கப் போவது ஆர்என்ஏவை.

மில்லிலிட்டருக்கு 24 மைக்ரோகிராம் என்ற அளவு பல ஆய்வகங்களில் வழக்கம். இந்த மூலக்கூறு பெரியது, கருவுக்குள் மெதுவாகத்தான் நுழையும். மாதிரி எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஊற்றிவிட்டு வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய அலையைத் தடுக்க வேண்டும் என்றால் இரண்டு புரோநியூக்ளியஸ்கள் (அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்த, இன்னும் சேராத தனித்தனி உட்கருக்கள்) தெரியும் ஒரு செல் நிலையிலேயே சேர்த்துவிடுங்கள். மருந்து வேலை செய்ததா என்று அறிய தனிச் சோதனை வேண்டாம், கருக்களே சொல்லும்: முதல் பிரிவு அம்மாவின் கையிருப்பில் நடப்பதால் அவை இரண்டு செல்லாகும், அதற்கு மேல் போகாது. நான்கு செல் கருக்கள் தென்பட்டால் உங்கள் மருந்து கெட்டுப்போயிருக்கிறது அல்லது அளவு போதவில்லை.

இந்த முறையில் இரண்டு பொறிகள் உண்டு, இரண்டிலும் விழுந்த கட்டுரைகளைப் படித்திருக்கிறேன்.

முதலாவது, ஒரு செல் நிலையிலிருந்தே அமானிட்டின் போட்டால் சிறிய அலையும் பெரிய அலையும் சேர்ந்தே அடைபடும். இந்தச் சிறிய அலையை வெறும் கசிவு என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஃபுகாகு அயோகி குழு 2015-இல் அதன் தன்மையை விவரித்தது: ஜீனோமில் கண்ட இடத்திலெல்லாம் தாழ்வான அளவில் நடக்கிறது, அதில் வரும் ஆர்என்ஏக்கள் சரியாகத் துண்டு நீக்கி ஒட்டப்படுவதும் இல்லை, வால் பக்கம் சரியாக முடிக்கப்படுவதும் இல்லை. அவ்வளவு அரைகுறை வேலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதே குழு 2018-இல் டிஆர்பி என்ற, கழுவினால் நீங்கிவிடுகிற தடுப்பானை அந்தச் சிறிய அலை நடக்கும் சில மணி நேரம் மட்டும் போட்டுப் பார்த்தது. பெரும்பாலான கருக்கள் இரண்டு செல்லிலேயே நின்றுவிட்டன, பெரிய அலை ஒழுங்காக எழவில்லை. எனவே "புதியதா பழையதா" என்ற கேள்விக்கு அமானிட்டின் போதும், "எந்த அலையில்" என்ற கேள்விக்கு டிஆர்பியை வெவ்வேறு நேரங்களில் போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். டிஆர்பியை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைப்பார்கள், ஆகவே டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கட்டுப்பாட்டுக் குழு அவசியம்.

இரண்டாவது பொறி இன்னும் நுணுக்கமானது. அம்மாவின் ஆர்என்ஏவில் ஒரு பகுதியை அழிப்பதற்குக் கருவே புதிதாகத் தயாரிக்கும் பொருட்கள் தேவைப்படுகின்றன. படியெடுத்தலை நிறுத்தினால் அந்த அழிப்பும் நிற்கும். அதனால் அமானிட்டின் போட்ட கருவில் சில ஆர்என்ஏக்கள் கட்டுப்பாட்டுக் குழுவைவிட அதிகமாகத் தெரியும். யாரோ அவற்றைக் கூடுதலாகத் தயாரித்துவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள், அழியாமல் மிஞ்சியவை அவை. இதற்கு நேரெதிரான நிலைமையும் உண்டு: ஒரு ஜீனின் அம்மா பங்கு குறைந்துகொண்டே வரும், கரு பங்கு ஏறிக்கொண்டே வரும், கூட்டிப் பார்த்தால் கோடு தட்டையாக இருக்கும். மருந்து போட்ட குழு இல்லாமல் அந்தத் தட்டைக் கோட்டை மட்டும் பார்த்தால் "இந்த ஜீனில் மாற்றமே இல்லை" என்று எழுதிவிடுவீர்கள்.

கண்ணால் பார்ப்பது: ஈயூ

குறிப்பிட்ட ஒரு ஜீனைப் பற்றி இது எதுவும் சொல்லாது, ஆனால் உங்கள் கருக்களில் படியெடுத்தல் எப்போது தொடங்கியது என்பதை நேரடியாகக் காட்டும், அதனால் புதிதாக ஆரம்பிக்கும் எந்த ஆய்வகமும் முதலில் இதைச் செய்து தங்கள் நேரக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஈயூ என்பது யூரிடினின் மாற்று வடிவம். புதிதாக உருவாகும் ஆர்என்ஏவில் யூரிடினுக்குப் பதிலாக அது போய் உட்காரும், பிறகு கிளிக் வேதிவினை மூலம் அதில் ஒளிரும் சாயத்தை ஒட்டலாம்.

ஊடகத்தில் அரை முதல் ஒரு மில்லிமோலார் ஈயூ, ஒரு மணி நேரம். பிறகு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், 0.5 சதவீத டிரைட்டனில் 20 நிமிடம், கிளிக் கலவையில் அரை மணி நேரம், கடைசியில் டிஎன்ஏவுக்கு ஹோக்ஸ்ட் சாயம். கழுவும் கரைசலில் கொஞ்சம் பிஎஸ்ஏ புரதமோ பிவிஏ பாலிமரோ சேர்க்காவிட்டால் கருக்கள் கண்ணாடியிலும் பிப்பெட்டிலும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கிளிக் கலவையில் போகும் அஸ்கார்பேட்டை அன்றன்று புதிதாகக் கரையுங்கள், பழுப்பாகிவிட்டதைப் போட்டால் எதுவும் ஒளிராது. கரு ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) உள்ளதாக இருந்தால் கலவையில் உள்ள தாமிரம் அதன் ஒளியை மங்கடிக்கக்கூடும், அந்தப் படத்தை வேறு கருக்களில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன தெரிய வேண்டும்? ஒரு செல் நிலையின் பிற்பகுதியில் இரண்டு புரோநியூக்ளியஸ்களிலும் மெல்லிய ஒளி, அதிலும் பெரிதாக இருக்கும் அப்பா பக்கத்துப் புரோநியூக்ளியஸில் கூடுதலாக. இந்த வித்தியாசத்தை அயோகி, வொராட், ஷுல்ட்ஸ் மூவரும் 1997-இல் ப்ரோமோ-யூடிபி (ஈயூவைப் போலவே புதிய ஆர்என்ஏவில் சேரும் பொருள்) வைத்து அளந்து காட்டினார்கள், உங்கள் படத்திலும் அது வந்தால் முறை சரியாக வேலை செய்கிறது என்று நம்பலாம். விந்தணுவின் டிஎன்ஏ தன்னை இறுக்கிக் கட்டியிருந்த புரோட்டமின் புரதங்களைக் கழற்றிவிட்டு அம்மாவின் ஹிஸ்டோன் புரதங்களைப் புதிதாகப் போர்த்திக்கொண்டு வருகிறது, அதன் குரோமாட்டின் அந்தக் கட்டத்தில் தளர்வாக இருப்பது இந்த வித்தியாசத்தோடு ஒத்துப்போகிறது. அப்புறம் இரண்டு செல் தொடக்கத்தில் மங்கலாக இருந்து, பிற்பகுதியில் உட்கரு முழுக்கப் பளிச்சென்று ஆக வேண்டும்.

ஈயூ போடாத கருக்களும் அமானிட்டின் போட்ட கருக்களும் ஒரே தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். அமானிட்டின் போட்டும் நியூக்ளியோலஸ் ஓரங்களில் ஒளி மிஞ்சியிருந்தால் பதற வேண்டாம். ரைபோசோம் ஆர்என்ஏவை எழுதும் பாலிமரேஸ் 1 இந்த மருந்துக்கு அவ்வளவாக அடங்காது, அந்தச் செயல்பாடும் இரண்டு செல் நிலையில் தொடங்குகிறது. கான்ஃபோக்கலில் எல்லாக் கருவுக்கும் ஒரே லேசர் அளவு, ஒரே கெயின் வைத்து, உட்கரு ஒளியிலிருந்து சைட்டோபிளாச ஒளியைக் கழித்து எண்ணாக எழுதுங்கள். "பிரகாசமாக இருக்கிறது" என்பதை யாரும் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. இன்னொன்று, ஈயூ முதலில் செல்லுக்குள் நுழைந்து பாஸ்பேட் ஏற்ற பிறகுதான் பயன்படும், நுழையும் வேகமும் உள்ளே இருக்கும் யூரிடின் கையிருப்பும் கட்டத்துக்குக் கட்டம் மாறலாம். ஆகவே "இரண்டு செல்லில் ஒரு செல்லைவிட ஏழு மடங்கு" போன்ற வாக்கியங்களை எழுதும்போது அடக்கி வாசியுங்கள்.

உங்கள் ஜீனுக்கு வருவோம்

ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படியில் ஒலிகோ-டிடி பிரைமர் போடாதீர்கள், ரேண்டம் ஹெக்ஸாமர் (ஆர்என்ஏவில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டும் ஆறெழுத்துத் துண்டுகள்) போடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முட்டையில் சேமித்த பல ஆர்என்ஏக்களுக்கு வால் குட்டையாக இருக்கும், முட்டை முதிரும்போதும் கருவுற்ற பிறகும் சைட்டோபிளாசத்திலேயே சிலவற்றின் வால் நீளும். ஒலிகோ-டிடி வாலைப் பிடிப்பது என்பதால், ஒரு மூலக்கூறுகூடப் புதிதாக வராமலே உங்கள் ஜீனின் வரைபடம் மேலே ஏறும். அழகான வரைபடம், அவ்வளவும் பொய்.

ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமான ஆக்டின்-பீட்டா, காப்டிஹெச் ஜீன்கள் வேண்டாம், இந்தக் கட்டத்தில் அவையே ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு குழாயிலும் ஒரே எண்ணிக்கையில் கருக்களை எண்ணிப் போட்டு, உடைக்கும் கரைசலிலேயே தெரிந்த அளவு வெளி ஆர்என்ஏவைக் கலந்து, அதற்கு எதிராகக் கணக்கிடுங்கள். சீக்வென்சிங் (ஆர்என்ஏவைத் துண்டு துண்டாகப் படித்து எண்ணுவது, ஒவ்வொரு துண்டும் ஒரு ரீடு) செய்தாலும் இதே விதிதான். வால் உள்ள ஆர்என்ஏ பாதிக்கு மேல் அழியும் இடத்தில் "பத்து லட்சம் ரீடுக்கு இத்தனை" என்று கணக்குப் போட்டால், அழியாமல் நிலையாக இருந்த ஆர்என்ஏ எல்லாம் ஏறியதாகக் காட்டும்.

பிரைமரை இன்ட்ரானில் (ஆர்என்ஏ முதிரும்போது வெட்டி நீக்கப்படும் பகுதியில்) வடிவமைப்பது நல்ல உத்தி. அம்மா சேமித்த ஆர்என்ஏ பெரும்பாலும் இன்ட்ரான் நீங்கி முடிந்தது, ஆகவே இன்ட்ரான் தெரிந்தால் புதிதாக எழுதப்பட்டது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. அதே சமயம் இன்ட்ரான் பிரைமர் ஜீனோம் டிஎன்ஏவையும் அப்படியே பெருக்கும், ஆகவே டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் போட்டு, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காத குழாய் ஒன்றையும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டுங்கள். மெர்வல் போன்ற பழைய ரெட்ரோவைரஸ் மிச்சங்களை அளக்கும்போது இது உயிர்நாடி, ஜீனோமில் அதன் நகல்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, துளி டிஎன்ஏ கலந்தாலும் சமிக்ஞை வந்துவிடும்.

இருப்பதிலேயே கறாரான ஆதாரம் அப்பா பக்கத்து ஆர்என்ஏதான். சி57பிஎல்/6 எலியைக் காஸ்ட் வகை எலியோடு இணைத்தால் இருவரின் ஜீன்களிலும் ஓரெழுத்து வித்தியாசங்கள் ஏராளமாக இருக்கும். விந்தணு கொண்டுவரும் ஆர்என்ஏ மிகச் சொற்பம், எனவே இரண்டு செல் நிலையில் அப்பா வடிவ ஆர்என்ஏ கணிசமாக இருந்தால் அது கருவில் எழுதப்பட்டது என்பதில் வாதமே இல்லை. வரம்புகளும் உண்டு: ஆண் கருவுக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து மட்டுமே வருவதால் எக்ஸ் ஜீன்களுக்கு அங்கே இது உதவாது, அப்பா பக்கம் முத்திரை குத்தி அடக்கப்பட்ட ஜீன்களுக்கும் உதவாது. அம்மா வடிவம் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அது பழையதாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம்.

நேர்க் கட்டுப்பாடாக (கட்டாயம் தெரிய வேண்டிய ஒப்பீடாக) இசட்ஸ்கேன்4 ஜீன், மெர்வல் இரண்டையும் எப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இரண்டு செல் நிலையில் திடீரென்று ஏறிப் பிறகு இறங்கிவிடும், அமானிட்டினில் எழும்பாது. ஈஐஎஃப்1ஏ ஜீனையும் பலர் பயன்படுத்துகிறார்கள். சீக்வென்சிங்கில் ஒரு விஷயம்: இசட்ஸ்கேன்4 கொத்தாக அமைந்த பல நகல் ஜீன், மெர்வலும் அப்படி. ஒரே இடத்தில் பொருந்தும் ரீடுகளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் மென்பொருள் இவற்றைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடும், கடைசியில் உங்கள் நேர்க் கட்டுப்பாடே பூஜ்யமாக நிற்கும்.

இயங்குகிறது சரி, அதுதான் சாவியா?

ஜீன் இரண்டு செல்லில் இயங்குகிறது என்று காட்டியாகிவிட்டது, அடுத்து எல்லோருக்கும் வரும் ஆசை, "என் ஜீன்தான் மற்ற எல்லாவற்றையும் எழுப்புகிறது" என்று சொல்வது. இங்கே டக்ஸ் ஜீனின் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். 2017-இல் ஒரே சமயத்தில் வந்த ஆய்வுகள், சுண்டெலியில் டக்ஸ், மனிதரில் டக்ஸ்4, இந்தப் பெரிய அலையின் ஜீன்களை எழுப்ப வல்லவை என்று காட்டின. ஸ்டெம் செல்லில் டக்ஸைக் கூட்டினால் மெர்வலும் இசட்ஸ்கேன்4-உம் எழுந்தன, எல்லாம் பொருந்தியது. 2019-இல் டக்ஸையே நீக்கிய எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள், அவற்றில் பல கருக்கள் பெரிய அலையைத் தாண்டி வளர்ந்து பிறக்கவும் செய்தன. எழுப்பும் திறன் இருந்தது, இன்றியமையாத தேவை இல்லை. என்ஆர்5ஏ2 ஜீனுக்கும் ஏறக்குறைய இதேதான்: 2022-இல் முக்கியப் புள்ளி என்றார்கள், அதன் பிறகு வந்த ஆய்வுகள் அதன் பெரிய வேலை அதற்கு அடுத்த கட்டங்களில்தான் என்றன. 2023-இல் வந்த ஓபாக்ஸ் ஆய்வு இதில் பாடம் படித்திருந்தது. ஓபாக்ஸ் ஒரு பெரிய ஜீன் குடும்பம், ஒன்று போனால் இன்னொன்று ஈடுகட்டும், அம்மாவின் பங்கும் முட்டையில் இருக்கும், ஆகவே குடும்பத்தில் பலவற்றை அம்மாவிலும் கருவிலும் சேர்த்தே நீக்கினார்கள், அப்போதுதான் கருக்கள் இரண்டு முதல் நான்கு செல்லில் நின்றன.

நீங்கள் செய்யும்போதும் இதே வரிசைதான். கூட்டிப் பார்த்தது போதாது, நீக்கிப் பாருங்கள். கருவில் மட்டும் நீக்கியது போதாது, அம்மா போட்டு வைத்த பங்கையும் நீக்குங்கள். கருக்கள் நின்றாலும் உடனே கொண்டாடாதீர்கள், நிற்காமல் வளரும் கரு நின்ற கருவைவிட அடுத்த கட்டத்தில் இருக்கும் என்பதால் ஆர்என்ஏ வித்தியாசம் எப்படியும் தெரியும். கருக்கள் நிற்பதற்கு முன்பே, இரண்டு குழுவும் ஒரே மாதிரி இருக்கும் மணியில் மாதிரி எடுங்கள்.

எலியும் இல்லை, ஆய்வகமும் இல்லை என்றால்

கணினி போதும். ஜீன் இயக்கத் தரவுகளைப் பொதுவில் வைக்கும் ஜியோ தரவுத்தளத்தில் ஜிஎஸ்இ45719 என்ற எண்ணில் ரிக்கார்ட் சாண்ட்பெர்க் குழுவின் 2014 ஆய்வின் தரவு இலவசமாகக் கிடக்கிறது. காஸ்ட், சி57பிஎல்/6 கலப்புக் கருக்கள், செல் செல்லாக, சைகோட்டிலிருந்து பிளாஸ்டோசிஸ்ட் வரை, இரண்டு செல் நிலையை மட்டும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்றாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். எது அம்மா, எது அப்பா என்று மெட்டாடேட்டாவில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இது வாலைப் பிடித்துத் தயாரித்த தரவு, ஆகவே இன்ட்ரான் வாதத்துக்கும் சிறிய அலைக்கும் இது அவ்வளவாகப் பயன்படாது. பெரிய அலைக்குத் தாராளமாகப் போதும்.

மனிதருக்கு ஜிஎஸ்இ36552 இருக்கிறது, அங்கே பெற்றோரைப் பிரிக்க எலியைப் போல வசதி இல்லை, ஆகவே நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் இடையே எவை திடீரென்று ஏறுகின்றன என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலித் தரவில் வேலையைத் தொடங்கும்போது முதலில் சைகோட்டுகளை எடுத்து, அதில் அப்பா வடிவ ரீடுகள் எத்தனை சதவீதம் வருகின்றன என்று எண்ணுங்கள். ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் வருவதில் பெரும்பகுதி ஓரெழுத்து வித்தியாசங்களைத் தவறான பெற்றோரின் கணக்கில் சேர்த்ததால் வந்த பிழை. உங்கள் ஜீனின் அப்பா பங்கு இரண்டு செல் நிலையில் அந்தப் பிழை அளவைத் தெளிவாகத் தாண்டும் முதல் கட்டம் எதுவோ, அதை உங்கள் படத்தில் குறியுங்கள்.